பெரிய வீட்டை விற்று டவுனுக்குள் சின்ன வீடு: சுங்கை சிப்புட் ஏஜெண்ட் அக்காவுக்கு ஐந்துக்கு நாலரை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீடு விற்கவோ வாங்கவோ ஏஜெண்ட் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2024-இல் எங்கள் பெரிய வீட்டை விற்றுக் கொடுத்து, டவுனுக்குள் ஒரு சின்ன வீட்டை வாங்கியும் கொடுத்தார் ஒரு அக்கா. அவர் வேலைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை ஏன் குறைந்தது என்பதையும் சொல்கிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அவர் எப்படி வேலை செய்தார் என்று படித்துவிட்டு, அந்த மாதிரி ஆளாகப் பார்த்துத் தேடுங்கள்.

முதலில் அந்தப் பெரிய வீடு. 2018-இல் கையெழுத்துப் போட்டோம். செமி-டி, அதாவது ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியது, 40க்கு 80 அடி நிலம், நான்கு அறை, மூன்று குளியலறை, 298,000 வெள்ளி (ரிங்கிட்). டவுனிலிருந்து 11 கிலோமீட்டர் உள்ளே, மூன்று பக்கமும் செம்பனை எண்ணெய்த் தோட்டம். அவ்வளவு தூரமா என்று அப்போதே சிலர் கேட்டார்கள். ஆனால் எங்கள் குடும்பத்துக்குப் பெரிய வீடு என்பது வெறும் சதுர அடிக் கணக்கு இல்லை. அம்மா பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில். இரண்டு அறை, ஏழு பேர், பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். 1960-இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காகத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தாத்தா பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு ஒன்று எடுத்தார். அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தாராம். ஆனால் அவர் வேலை செய்த தோட்டம் சங்கத்துடையது இல்லை. வேலை முடிந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு நான்கு அறை வீட்டின் சாவி கையில் வரும்போது எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. புதுமனை புகுவிழாவில் அம்மா ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வீட்டிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சுவரில் இரண்டு இடத்தில் விரிசல் விட்டது, சாவி வாங்கியதிலிருந்து 24 மாதப் பழுதுபார்ப்புக் காலத்துக்குள் எழுதிக் கொடுத்தோம், வந்து சரிசெய்தார்கள். ஆனால் விளம்பரத் தாளில் காட்டிய கடை வரிசை மட்டும் வரவே இல்லை. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் 'உத்தேசத் திட்டம்' என்று போட்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தோம். புது தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், வாங்குகிறவர்கள் அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். உத்தேசம் என்றால் கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கடை இல்லாததால் எதற்கெடுத்தாலும் டவுன்தான். காலையில் மகளை மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப் பள்ளியில் விட, மதியம் கூட்டி வர, சாயங்காலம் டியூஷன், அப்புறம் கோயிலோ கிளினிக்கோ மளிகையோ ஒன்று. நாளைக்கு நான்கு தடவை போய் வந்தால் 88 கிலோமீட்டர். எங்கள் காரில் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும், அப்போது பெட்ரோல் 2.05 வெள்ளி, ஆக நாளுக்குப் பன்னிரண்டு வெள்ளி. மாதம் முந்நூறு தாண்டும். வங்கித் தவணை 1,270 என்று நினைத்துத்தான் கடன் வாங்கினோம், உண்மையில் அந்த வீட்டின் தவணை 1,570. யாரும் இப்படிக் கூட்டிச் சொல்லவில்லை, நாங்களும் கூட்டிப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் சமாளித்திருப்போம். சமாளிக்க முடியாதது அம்மா.

அம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். எந்தத் தூரத்தையும் மரக் கணக்கில்தான் சொல்வார், ஒரு நிரையில் ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையே எவ்வளவு இருக்குமோ அது ஒரு மரம். தோட்டத்தில் கடை நாற்பது மரம், மாரியம்மன் கோயில் அறுபது மரம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை இருபது மரம். புது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே கடை மூன்று கிலோமீட்டர் தள்ளி, மெயின் ரோட்டில். ஒருநாள் அங்கே நடந்தே போய்விட்டு வந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "எண்ணூறு மரத்துக்கு மேல இருக்கும்மா, ஒருநாள் வெட்டுற மரத்தவிட ஜாஸ்தி" என்றார். அதற்குப் பிறகு நடக்கவில்லை. நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போய்விட்டால் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, செம்பனைப் பழம் ஏற்றிய லாரி போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாலை நான் வந்ததும் அன்றைக்கு எத்தனை லாரி போனது என்று சொல்வார். அந்த எண்ணிக்கையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். நான்கு அறையில் இரண்டு அறை பூட்டியே கிடந்தது.

2023 நடுவில் விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தோம். முதலில் பார்த்த வேறொரு ஏஜெண்ட் ஐந்து நிமிடத்தில் விலை சொல்லி, ஈப்போ பக்கம் இதைவிடப் பெரியது இருக்கிறது பார்க்கிறீர்களா என்றார். இந்த அக்கா கேட்ட முதல் கேள்வியே வேறு. "உங்க வீட்டுல காடி (கார்) ஓட்டத் தெரியாதவங்க எத்தன பேர்?" அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றேன். "அஞ்சு பேர்ல மூணு பேரு. அப்ப அந்த மூணு பேருக்கு வீடு பாப்போம். நீங்க ரெண்டு பேரும் எங்க இருந்தாலும் போயிடுவீங்க" என்றார். இத்தனை வருடத்தில் எங்களிடம் இதை யாரும் கேட்டதில்லை. நாங்களே எங்களைக் கேட்டுக்கொண்டதில்லை.

அவருடைய அட்டையில் பதிவு எண் இருந்தது, ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையத்தளத்தில் போட்டுச் சரிபார்க்கச் சொல்லி அவரே போனை எடுத்துக் காட்டினார். வாங்குகிறவர் கொடுத்த 2 விழுக்காடு முன்பணம் அவருடைய சொந்தக் கணக்குக்குப் போகவில்லை, நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குத்தான் போனது. விற்பவரிடம் 3 விழுக்காடுக்கு மேல் கமிஷன் கேட்கக்கூடாது என்பது விதி, அதற்கு மேல் அவர் ஒரு காசு கேட்கவில்லை. வீடு விற்ற லாபத்துக்கான ஆர்.பி.ஜி.டி. வரியையும் தாளில் எழுதிக் காட்டினார். குடிமக்களுக்கு முதல் மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு, நான்காவது வருடம் 20, ஐந்தாவது 15, ஆறாவது வருடத்திலிருந்து இல்லை. கையெழுத்துப் போட்டு ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. சீக்கிரம் விற்க நினைக்கிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

விற்கப் பத்து மாதம் பிடித்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் வீடு பிடிக்கும், திரும்பிப் போகும் வழியில் மனம் மாறிவிடும். கடைசியில் 330,000-க்குப் போனது. 32,000 லாபம் என்று நினைக்காதீர்கள். பின்பக்கச் சமையலறைக்கும் கிரில்லுக்கும் 22,000 போட்டிருந்தோம், கமிஷன் 9,900, லாயர் செலவு தனி. கூட்டினால் கையில் ஒன்றும் நிற்கவில்லை.

எங்களுக்கு டவுனுக்குள் சின்ன வீடு காட்டியதில் அக்காவின் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. பகல் பதினோரு மணிக்குக் காட்டவே மாட்டார். பள்ளி நாளில் காலை ஆறே முக்காலுக்கு வரச் சொன்னார், தெருவில் பள்ளி வேன்கள் எப்படி நெரிகின்றன, எங்கே நிறுத்துகிறார்கள் என்று பார்க்க. அப்புறம் நல்ல மழை பெய்த ஒரு மாலையில் போன் செய்து உடனே வாங்க என்றார், சாக்கடை நிறைகிறதா, சீலிங்கில் ஈரம் பூக்கிறதா என்று பார்க்க. மூன்றாவது தடவை எங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு பசாருக்கு நடந்தார். முக்கால் மணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது அம்மா கையில் இரண்டு கட்டு முருங்கைக்கீரை. "எழுபது மரம்" என்றார். கீரை விற்பவர் பழைய தோட்டத்து ஆளாம், அம்மாவோடு ஒரே பெரட்டில், அதாவது காலையில் பேர் கூப்பிடும் வரிசையில், நின்றவராம். அன்றைக்கே முடிவாகிவிட்டது.

சின்ன வீடு 165,000 வெள்ளி. 20க்கு 65, ஒற்றை மாடி, 1984-இல் தொடங்கிய 99 வருட லீஸ்ஹோல்டு, அதாவது குத்தகை நிலம், நிலப் பத்திரமான கிராண்டில் பஜாக்கான் என்று இருக்கும். இன்னும் 59 வருடம் மிச்சம் இருந்ததால் வங்கி கடன் கொடுத்தது, மாதம் 800. லீஸ்ஹோல்டு வீடு கைமாற மாநில அரசின் சம்மதம் வர வேண்டும், அது வராமல் மேற்கொண்டு நகராது. பெரிய வீடு கால வரம்பில்லாத ப்ரீஹோல்டு, அது நான்கு மாதத்தில் முடிந்துவிடும். நடுவில் நாங்கள் தெருவில் நிற்கக்கூடாது என்று, வாங்கியவரிடம் பேசி, பணம் கைமாறிய பிறகும் இரண்டு மாதம் வாடகைக்கு அங்கேயே இருக்க எழுத்தில் வாங்கிக் கொடுத்தார். இதற்கென்று தனியாக அவருக்கு ஒரு வெள்ளிகூடக் கிடையாது. கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுகிற ஆளாக இருந்தால் நாங்கள் சாமான்களோடு சொந்தக்காரர் வீட்டில்தான் நின்றிருப்போம்.

இப்போது அந்த அரை மதிப்பெண். வயரிங், கூரை, கதவு நிலையில் கரையான் எல்லாம் தட்டிப் பார்த்தவர், தண்ணீர்க் குழாயை விட்டுவிட்டார். குடிவந்த முதல் வாரமே குளியலறையில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. உள்ளே எல்லாம் பழைய இரும்புக் குழாய், துரு. மாற்ற 4,600 வெள்ளி ஆனது. போன் செய்ததும் அன்று மாலையே வந்து பார்த்து, "மீட்டர் பக்கத்துக் குழாய மட்டும்தான் தொறந்து பாத்தேன், என் தப்புதான்" என்றார். சாக்குச் சொல்லாதது பெரிய விஷயம், ஆனாலும் செலவு எங்களுடையது. 80-களில் கட்டிய வீடு பார்க்கிறவர்கள் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் திறந்து விட்டுப் பாருங்கள்.

சின்ன வீட்டின் கஷ்டங்களையும் மறைக்க விரும்பவில்லை. குளிர்சாதனப் பெட்டியை முழுக்கத் திறந்தால் சமையலறைக் கதவில் இடிக்கும். தனிச் சாமி அறை போய்விட்டது, கூடத்துச் சுவரில் பலகை அடித்து வைத்திருக்கிறோம், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒரு கார்தான் உள்ளே நிற்கும், மற்றதை வெளியே நிறுத்துவதில் எதிர்வீட்டுக்காரரோடு இரண்டு தடவை மனத்தாங்கல் வந்துவிட்டது. மகனுக்குத் தனி அறை கேட்டுச் சண்டை. தீபாவளிக்கு இருபத்தைந்து பேர் வந்தபோது பாதிப்பேர் வாசலில்தான் சாப்பிட்டார்கள். பழைய வீட்டில் நான் வைத்த முருங்கையும் கறிவேப்பிலையும் இப்போது காய்த்துத் தழைத்திருக்கும், அதை நினைத்தால் மனசு கேட்காது.

ஆனால் மகள் பள்ளிக்குப் பாட்டியோடு நடந்து போகிறாள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்கு, 1954-இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்த பள்ளிக்குப் பேத்தியைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவதில் எவ்வளவு பெருமை என்று அவர் சேலையின் மடிப்பைப் பார்த்தாலே தெரியும். மருந்து வாங்கத் தானே போய் வருகிறார். கோலாலம்பூரில் இருக்கும் தங்கை இ.டி.எஸ். ரயிலில் வந்து இறங்கினால் அவளைக் கூட்டி வர யாரும் விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. காரில் பெட்ரோல் மாதம் நூறுக்குள் நின்றுவிடுகிறது. லாரிக் கணக்கு இப்போது யாரும் சொல்வதில்லை.

போன வாரம் பின்பக்கம் கொஞ்சம் இழுத்துக் கட்டலாமா என்று பேச்சு வந்தது. அக்காவைக் கேட்டேன். கோலக்கங்சார் நகராண்மைக் கழகத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்காமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள் என்று சொல்லி, வரைபடம் போடுகிறவரின் எண்ணையும் அனுப்பினார். அம்மா மட்டும் முழுக்கக் கட்டிவிட வேண்டாம், ஓர் ஓரத்தில் ஒரு மரம் அகலத்துக்கு மண்ணை விட்டு வை என்கிறார். முருங்கைக்காம்.