பூட்டிய வீட்டுக்கு எது காவல்? பெங்களூரில் மூன்று வீடுகள், மூன்று ஏற்பாடுகள்

பொங்கலுக்கு முந்தைய இரவில் சில்க் போர்டிலிருந்து அத்திப்பள்ளி வரை ஊர்ந்து செல்லும் வண்டிகளுள் எங்கள் குடும்பத்து வண்டிகளும் உண்டு. நாங்கள் ஊர் போய்ச் சேர்வதற்குள், காக்ஸ் டவுனில் என் தனி வீடும் கம்மனஹள்ளியில் தங்கை வாடகைக்கு இருக்கும் மாடி வீடும் பூட்டிக் கிடக்கும். ஜீவன்பீமா நகரில் பயணம் ஒத்துக்கொள்ளாத எங்கள் சித்தி மட்டும் தன் தரைத்தள வீட்டில் தனியாக இருப்பார். இந்த மூன்று வீடுகளுக்கும் மூன்று விதமான காவல் ஏற்பாடுகளைச் செய்து, ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாக மூன்றையும் பார்த்து வருகிறோம். தங்கை வீட்டில் வைஃபை கேமராக்கள்; என் வீட்டில் சென்சார்களும் சைரனும் சிம் கார்டும் கொண்ட அலாரம் பேனல்; சித்தி வீட்டில், டாலஸில் இருக்கும் அவருடைய மகன் பணம் கட்டும், கண்காணிப்பு அறையோடு இணைந்த மாதச் சந்தா. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாசல் காவலாளியும், வருவோரைப் பதிவு செய்யும் மைகேட் போன்ற செயலியும் இருப்பதால் அங்கே கணக்கே வேறு. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில், ஆள் நுழைவதை எது சரியாகக் கண்டுபிடிக்கிறது என்ற கேள்வியில் பேனலுக்கே முதலிடம். கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சிறு சுவிட்ச்; இரண்டும் விலகினால் சுற்று மாறுகிறது, பேனலுக்குத் தெரிந்துவிடுகிறது. இதில் ஊகத்துக்கு இடமில்லை. கேமரா செய்வதோ ஊகம்: படத்தில் அசைவது ஆளா, நாயா, திரைச்சீலையா என்று அது கணித்துச் சொல்கிறது. பகலில் இந்தக் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது; மழை இரவில், அகச்சிவப்பு வெளிச்சத்தில் பூச்சிகள் பறக்கும்போது, தடுமாறுகிறது. சித்தி வீட்டுச் சந்தா ஏற்பாட்டிலும் உள்ளே இருப்பது என் வீட்டில் இருப்பதைப் போன்ற சென்சார்கள்தாம். எனவே கண்டுபிடிக்கும் திறனில் அதற்கும் என் பேனலுக்கும் வேறுபாடு எதையும் நான் பார்க்கவில்லை. மாதப் பணம் வேறொன்றுக்காகக் கட்டப்படுகிறது.

பொய் அலாரம்தான் மூன்று ஏற்பாடுகளையும் உண்மையில் சோதித்தது. என் வீட்டில் பேனல் பொருத்திய முதல் இரண்டு மாதங்களில் ஐந்து முறை சைரன் அலறியது. எஸ்.பி. ரோடு கடை ஒன்றின் வழியாக வந்த பொருத்துநர், கூடத்தில் இருக்கும் அசைவுச் சென்சாரை மேற்குச் சன்னலைப் பார்த்தபடி மாட்டியிருந்தார். அந்தச் சென்சார் எந்த வகைக் கதிரையும் தானாக வெளியிடுவதில்லை. தன் பார்வைக்குள் வெப்பம் இடம் மாறுவதை மட்டுமே உணர்கிறது. மாலை வெயில் தரையில் விழுந்து திரைச்சீலை அசைந்தால் அதற்கு அது ஆள் நடமாட்டம். மூன்று அலாரங்கள் வெயிலால் வந்தவை. மீதி இரண்டுக்குக் காரணம் பல்லி. சென்சாரின் முகப்பை ஒட்டியே ஊரும் பல்லி, அளவில் சிறியதானாலும், அதன் பார்வை முழுவதையும் மறைத்து நகர்வதால் பேனலை ஏமாற்றிவிடுகிறது. பல்லி விழும் பலனுக்குப் பஞ்சாங்கத்தில் பக்கம் ஒதுக்கிய நாம், பல்லி ஊரும் பலனுக்கு ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. சென்சாரை உள்சுவருக்கு மாற்றி, அதன் பின்புறத் துளைகளை சிலிக்கோன் பசையால் அடைத்த பிறகுதான் வீடு அமைதியானது.

ஆனால் அதற்குள் ஒரு சேதம் நிகழ்ந்துவிட்டது. முதல் சைரனுக்குத் தெருவே திரண்டது. ஐந்தாவதுக்கு ஒரு சன்னல்கூடத் திறக்கவில்லை. அமெரிக்க நகரங்கள் இந்தப் பாடத்தை எப்போதோ கற்றுவிட்டன. அங்கே காவல்துறைக்கு வரும் களவு அலாரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பொய்யாகவே இருப்பதால், பல நகரங்களில் அலாரம் வைக்க அனுமதிச் சீட்டு வேண்டும், திரும்பத் திரும்பப் பொய் அலாரம் அடித்தால் அபராதம் கட்ட வேண்டும். சால்ட் லேக் சிட்டி 2000-ஆம் ஆண்டில் ஒருபடி மேலே போய், நேரில் யாரேனும் பார்த்து உறுதி செய்யாத களவு அலாரத்துக்குக் காவலரை அனுப்புவதில்லை என்றே விதி செய்தது. டாலஸ் தம்பி தன் ஊர் வழக்கத்தை மனத்தில் வைத்து, அலாரம் அடித்ததும் காவல் வண்டி வந்து நிற்கும் என்று நினைத்திருந்தான். நான் படித்துப் பார்த்த ஒப்பந்தங்கள் எதிலும் அப்படி எழுதியிருக்கவில்லை. கண்காணிப்பு அறை செய்வது, நாம் செய்யக்கூடிய அதே வேலைதான்: அவசர உதவி எண் 112-க்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அதன் பிறகு ஹொய்சளா ரோந்து வண்டி வரும் நேரம், அழைத்தது யார் என்பதைப் பொறுத்து மாறுவதாக எனக்குத் தெரியவில்லை.

தங்கை வீட்டில் பொய் எச்சரிக்கை வேறு உருவில் வந்தது. படிக்கட்டைப் பார்க்கும் கேமரா, மேல்மாடிக்காரர் ஏறினாலும், உணவு கொண்டு வரும் பையன் இறங்கினாலும், பூனை குதித்தாலும் கைப்பேசியில் மணியடித்தது. ஒரே வாரத்தில் அவள் அறிவிப்பு ஒலியை அணைத்துவிட்டாள். ஓர் இரவு படிக்கட்டின் அடியில் இருந்த மாப்பிள்ளையின் சைக்கிளை ஒருவன் பூட்டை அறுத்து எடுத்துச் சென்றபோது, கேமரா முழுவதையும் தெளிவாகப் பதிவு செய்தது, கைப்பேசிக்கு எச்சரிக்கையும் அனுப்பியது. இருவரும் காலையில் காபி குடித்துக்கொண்டே அதைப் பார்த்தார்கள். அந்தப் பதிவு வீண் என்று சொல்ல மாட்டேன். காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது நேரமும் உருவமும் கையில் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்குச் சான்றிதழ் கேட்கிறது. ஆகவே வாட்ஸ்அப்பில் சுற்றும் நகலை நம்பியிராமல், கேமராவின் மெமரி கார்டை அழிக்காமல் எடுத்து வைப்பது நல்லது. ஆனால் அதற்குப் பெயர் சாட்சி. சாட்சி களவை நிறுத்துவதில்லை.

மின்சாரமும் இணையமும் போனால் என்ன ஆகும் என்பதைக் கடைக்காரர் எவரும் தாமாகச் சொல்வதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் மாலை மழைக்கு மரக்கிளை ஒடிந்து பெஸ்காம் மின்சாரம் மணிக்கணக்கில் போவது நமக்குப் பழக்கமான செய்தி. அப்போது தங்கை வீட்டில் ரவுட்டர் அணைகிறது, கேமராக்கள் குருடாகின்றன. ரவுட்டருக்குச் சிறு யுபிஎஸ் வாங்கி வைத்த பிறகும் கேமராக்களின் மின்சாரத்துக்கு வழியில்லை, ஏனெனில் வாடகை வீட்டில் இன்வெர்ட்டர் இணைப்பு அந்தச் சுவிட்சுகளுக்கு வரவில்லை. என் பேனலுக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கிறது. அது ஒரு நாளுக்குக் குறையாமல் தாங்குகிறது, இணையத்தின் தயவும் அதற்கு வேண்டாம். இதில் ஒரு கண்ணி உண்டு. மலிவான பழைய பேனல்கள் பலவும் 2ஜி அலைவரிசையில் மட்டுமே பேசும். ஜியோவுக்கு 2ஜி சேவையே இல்லாததால் அந்த சிம்மைப் போட்டால் பேனல் ஊமையாகிவிடும். ரீசார்ஜ் செய்ய மறந்தாலும் அதே கதைதான். நானே ஒருமுறை மறந்து, இருபது நாள் ஊமைப் பேனலை நம்பி ஊரில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். சித்தி வீட்டுப் பேனல் குறித்த இடைவெளியில் தன் இருப்பைக் கண்காணிப்பு அறைக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் குறி நின்றால் அவர்கள் அழைத்துக் கேட்கிறார்கள். சந்தாவின் முதல் உண்மையான பயன் எனக்கு அங்கேதான் தெரிந்தது.

இரண்டாவது பயன் தெரிவதற்கு முன்னால் ஒரு கோளாறைக் கடக்க வேண்டியிருந்தது. சித்தி ஓர் இரவு பின்கதவைத் திறந்து அலாரத்தைத் தாமே கிளப்பிவிட்டார். கண்காணிப்பு அறை உடனே அழைத்தது; நேரத்தில் குறை சொல்ல முடியாது. வேறு மாநிலத்து அறையிலிருந்து பேசியவர் இந்தியில் பெயரைக் கேட்டு, பின்பு ரகசியச் சொல்லைக் கேட்டார். தெரியாத எண், புரியாத மொழி, ரகசியம் கேட்கும் குரல்: வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்பவர்களைப் பற்றி நாங்களே ஆயிரம் முறை எச்சரித்திருந்ததால், சித்தி சரியானதைச் செய்தார். இணைப்பைத் துண்டித்து, அந்த எண்ணையும் தடை செய்துவிட்டார். அதன் பிறகு அந்த அறை பட்டியலில் இருந்த அடுத்த எண்ணுக்கு அழைத்தது. அது டாலஸ் எண், தம்பி அலுவலகக் கூட்டத்தில் இருந்தான். பட்டியலில் மூன்றாவது எண்ணே இல்லை.

நாங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற்ற திருத்தங்கள் மூன்று. தமிழோ கன்னடமோ தெரிந்தவரே சித்திக்கு அழைக்க வேண்டும். அந்த எண் அவருடைய கைப்பேசியில் பெயரோடு பதிவாகியிருக்க வேண்டும். அழைப்பு வரிசையில் முதலில் சித்தி வீட்டின் மேல்மாடியில் குடியிருக்கும் அண்ணி, அடுத்து நான், கடைசியில் டாலஸ். சில மாதங்கள் கழித்து ஒரு பிற்பகல் சித்தி பின்திண்ணையில் வழுக்கி விழுந்து, கழுத்தில் தொங்கிய அவசரப் பொத்தானை அழுத்தினார். டாலஸில் அப்போது விடிய நெடுநேரம் இருந்தது. கண்காணிப்பு அறை அண்ணியை அழைத்தது, அவர் இரண்டு நிமிடத்தில் கீழே இறங்கினார். எனக்கு அழைப்பு வந்து நான் போய்ச் சேர அரை மணி நேரம் ஆயிற்று. கேமராவோ, பேனலோ அன்று இந்த வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கும் என்று நான் நம்பவில்லை. பேனலும் எண்களுக்கு அழைக்கும்தான். ஆனால் பதிவு செய்த குரலை ஒப்பித்துவிட்டு வைத்துவிடும், எடுத்தவருக்குப் புரிந்ததா என்று அதற்குத் தெரியாது.

சந்தாவோடு தருவதாகச் சொன்ன விரைவு உதவி ஆளைப் பற்றி எனக்கு நல்ல கருத்து இல்லை. ஒருமுறை வந்தவர், வாசல் கேட்டைக் கைவிளக்கால் பார்த்து, ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போனார். சாவி இல்லாதவர் வேறென்ன செய்ய முடியும் என்பதும் நியாயமான கேள்விதான். தனியார் காவல் நிறுவனங்களுக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில உரிமம் வேண்டும், காவலாளிக்கு 160 மணி நேரப் பயிற்சி வேண்டும். உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை என்றே நினைக்கிறேன். நாங்கள் இரண்டாம் ஆண்டில்தான் கேட்டோம்.

என் வீட்டில் உண்மையான அலாரம் ஒரே ஒருமுறை அடித்தது. நாங்கள் வேலூரில் இருந்தோம். அதிகாலை இரண்டே கால் மணி. பின்கதவுத் தாழ்ப்பாளை யாரோ நெம்பியிருக்கிறார்கள். தெரு சைரனுக்கு எழவில்லை என்பதைப் பிறகு அறிந்தேன். எதிர்வீட்டு முருகன் அண்ணா எழுந்தது, பேனல் அவருடைய கைப்பேசியையும் அழைத்ததால்தான். அவர் தம் வீட்டு விளக்குகளை எல்லாம் போட்டு, மகனையும் கூட்டிக்கொண்டு, 112-க்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். வளைந்த தாழ்ப்பாளைத் தவிர வேறு இழப்பில்லை. அவரிடம் சாவியும் இருந்தது, ஆதலால் வந்த காவலர்கள் உள்ளேயும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு வைஃபை கேமரா இரண்டாயிரம், மூன்றாயிரம் ரூபாய்க்கு நல்லதாகவே கிடைக்கிறது. 2025 ஏப்ரல் 9 முதல் புதிய கேமராக்களுக்கு இணையப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்பதால், பெட்டியின் மீது இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பேனலுக்கு ஆரம்பச் செலவு கூடுதல். பிறகு சிம் ரீசார்ஜும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரியும் மட்டுமே. சந்தாவில் கருவி இலவசம் என்று தொடங்குவார்கள். கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி ஏறும், மூன்றாண்டுக் கட்டு இருக்கும், இடையில் விலகினால் கருவியின் விலையைக் கேட்பார்கள், அந்தக் கருவி வேறு நிறுவனத்தோடு பேசாது. அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தி டாலஸ் எண்ணுக்குப் போனதால் ஓர் ஆண்டுப் புதுப்பிப்பு எங்கள் கண்ணில் படாமலே நடந்துவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடுவதாக மின்னஞ்சல் எழுதிய பிறகு, பாதித் தொகை திரும்பி வந்தது.

சாவி வைத்திருக்கும் அண்டை வீட்டார் ஒருவர் இருக்கிறார் என்றால், தனி வீட்டுக்கு என் தேர்வு தயக்கமின்றிப் பேனல்தான். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாத தங்கைக்குக் கேமராவோடு கதவுக் காந்தம் ஒன்றும் சேர்ந்திருக்க வேண்டும். இப்போது அதை வாங்கி, காந்தத்தின் எச்சரிக்கைக்கு மட்டும் ஒலியை விட்டுவைத்து, படிக்கட்டுக் கேமராவை ஊமையாகவே பதிவு செய்ய விட்டிருக்கிறாள். களவுக்காக மட்டும் என்றால் சித்தி வீட்டுச் சந்தாவை நான் நிறுத்தச் சொல்லியிருப்பேன். தனியாக இருக்கும் முதியவருக்காக என்பதால் தொடரச் சொன்னேன்; ஆனால் இம்முறை மூன்றாண்டுக்குப் பதில் ஓராண்டுக்கு, அழைப்பு மொழியையும் எண்களின் வரிசையையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிய பிறகு. தம்பி கையெழுத்திட்டு அனுப்பிவிட்டான். மேல்மாடி அண்ணி அடுத்த மாதம் பதினைந்து நாள் சேலம் போகிறார். அந்த நாட்களுக்கு முதல் எண்ணாக யாரைப் போடுவது என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.