மந்தமான சந்தையில் வீட்டை விற்பது: விலையில் நிற்பதா, இறங்குவதா, வாடகைக்கு விடுவதா?

வாங்க வருபவர்கள் குறைந்து, விற்பனைக்கு நிற்கும் வீடுகள் பெருகிவிட்ட நேரத்தில் விற்க வேண்டியவருக்குப் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. கேட்ட விலையிலேயே நின்று காத்திருக்கலாம். விலையை இறக்கிச் சீக்கிரம் முடிக்கலாம். வாடகைக்கு விட்டுத் தள்ளிப்போடலாம். மொத்தப் பணத்தையும் ரொக்கமாகத் தரும் முதலீட்டாளரிடம் கொடுத்துவிடலாம். பெரும்பாலானவர்கள் முதல் வழியில்தான் போகிறார்கள், அதுவும் ஒரு முடிவுதான் என்பதை உணராமலே. பலருக்கும் அதுதான் அதிகம் செலவு வைக்கிற வழி என்று உறுதியாக நினைக்கிறேன்.

காத்திருப்பதற்கு யாரும் பில் அனுப்புவதில்லை. அதனால் அது இலவசம் போலத் தெரிகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 50 வங்கிக் கடன், வட்டி ஆண்டுக்கு 8 சதவீதம். அப்படியென்றால் ஓராண்டு வட்டி மட்டும் 4. வரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து இன்னொரு 1. ஓராண்டு காத்திருந்து 100-க்கே விற்றாலும், கடனும் இந்தச் செலவும் போகக் கையில் நிற்பது 45. இன்றைக்கே 93-க்குக் கொடுத்திருந்தால்? கடன் போக மீதி 43. அதை 6 சதவீதத்தில் போட்டு வைத்தால் ஆண்டு முடிவில் 45.58. ஆக, ஏழு சதவீதம் இறங்கி இன்று விற்றவர், ஒரு வருடம் பிடிவாதமாக நின்று முழு விலை வாங்கியவரைவிடச் சற்று மேலே இருக்கிறார். இதற்கிடையில் விலை இன்னும் சரிந்தால் நின்றவருக்கு இரட்டை அடி. வட்டியையும் கடனையும் உங்கள் நிலைக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கடனே இல்லாத வீடு என்றால் காத்திருப்பதன் பாரம் சற்றே குறையும். அவர்கள் கொஞ்சம் நிதானமாக இருக்கலாம்.

இது தெரிந்தும் ஏன் இறங்க மனம் வருவதில்லை? நாம் வாங்கிய விலைதான் காரணம். டேவிட் ஜெனிசோவ், கிறிஸ்டோஃபர் மேயர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1990-களில் பாஸ்டன் நகரின் அடுக்குமாடி வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2001-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள், அந்த நஷ்டத்தில் 25 முதல் 35 சதவீதம் அளவுக்குக் கூடுதலாக விலை சொன்னார்கள். கடைசியில் கூடுதலாகக் கிடைத்ததோ அந்த நஷ்டத்தில் 3 முதல் 18 சதவீதம்தான். அதற்காக அவர்கள் வீடுகள் மற்றவர்கள் வீடுகளைவிட அதிக காலம் விற்காமல் நின்றன. நாம் எவ்வளவு கொடுத்து வாங்கினோம் என்பது பார்க்க வருபவருக்குத் தேவையில்லாத தகவல். அதே பணத்தில் வேறு எந்த வீடு கிடைக்கும் என்பது மட்டும்தான் அவர் கணக்கு.

சரி, இறங்குவது என்று முடிவெடுத்தால் எப்படி இறங்குவது? மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரேயடியாகக் குறைப்பதா? நான் ஒரேயடியாகக் குறைப்பதன் பக்கம். ஒரு வீடு புதிதாகச் சந்தைக்கு வரும் முதல் சில வாரங்களில்தான் அதிகம் பேர் பார்க்கிறார்கள். அப்புறம் துளித்துளியாக இறக்கினால், ஒவ்வொரு இறக்கமும் 'இன்னும் பொறுத்தால் இன்னும் குறைவார்' என்ற செய்தியைத்தான் சொல்லும். இணையத்தில் தேடுபவர்கள் ஒரு முழு எண்ணை உச்சவரம்பாக வைத்தே தேடுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் விலை அந்த எண்ணைக் கொஞ்சம் தாண்டி நின்றால், அவர்கள் கண்ணுக்கே படமாட்டீர்கள். அந்த வரம்புக்குள் வரும்படி ஒருமுறை இறக்குவது, வரம்புக்கு மேலேயே நின்று மூன்று முறை இறக்குவதைவிட மேல்.

விலைக்கு முன்னால் குறை எங்கே என்று பார்த்துவிடுங்கள். படங்களைப் பலர் பார்க்கிறார்கள், நேரில் யாரும் வருவதில்லை என்றால் விலையோ படங்களோ சரியில்லை. நேரில் வருகிறார்கள், விலை பேசுவதில்லை என்றால் வீட்டுக்குள்ளேயே ஏதோ உறுத்துகிறது. குளியலறைக் கூரையில் உள்ளங்கை அளவு ஈரக்கறை ஒன்று போதும். பார்க்க வந்தவர் நிமிர்ந்து பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். அடுத்த அறையிலும் கூரையைத்தான் பார்ப்பார். ஒழுகலைச் சரிசெய்து வெள்ளையடிக்க ஆகும் செலவைவிடப் பல மடங்கு தொகையை அவர் மனசுக்குள் கழித்திருப்பார். ஒழுகலை நிறுத்தாமல் மேலே வண்ணம் மட்டும் பூசுவது வேண்டாம். அது நேர்மையுமில்லை, சோதனையில் தெரிந்துவிடும். ஆனால் விற்பதற்காகவே சமையலறையை இடித்துக் கட்டுவது வேறு விஷயம். போட்ட பணம் முழுதாகத் திரும்பாது. அந்தப் பணத்தை விலையில் குறைத்துக்கொள்ளலாம்.

வாடகைக்கு விடுவது, வாடகை வட்டியையும் பராமரிப்பையும் தாங்கும் என்றால் மட்டுமே நல்ல வழி. இடையில் வீடு காலியாக நிற்கும் மாதங்களையும் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும். பல நாடுகளில் சொந்தமாகக் குடியிருந்த வீட்டை விற்கும்போது கிடைக்கும் வரிச்சலுகை, வாடகைக்கு விட்ட பிறகு குறையக்கூடும், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆள் குடியிருக்கும் வீட்டைக் காட்டி விற்பதும் சிரமம்.

விற்ற கையோடு அதே சந்தையில் இன்னொரு வீடு வாங்கப் போகிறவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களில் பலர் கவலைப்படத் தேவையே இல்லாமல் கவலைப்படுகிறார்கள். உங்கள் வீடு 100, வாங்க நினைப்பது 150 என்றால் கூடுதலாகப் போட வேண்டியது 50. இரண்டும் பத்து சதவீதம் சரிந்தால் 90-ம் 135-ம் ஆகும். போட வேண்டியது 45. பெரிய வீட்டுக்கு மாறுபவருக்கு மந்தம் லாபம். சிறிய வீட்டுக்கு மாறுபவருக்குத்தான் இடிக்கும்.

விலையைக் குறைக்கச் சொல்லும் தரகரை நம்பலாமா? ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் சிகாகோ பகுதியில் சுமார் ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்தார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சுமார் 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் அதிக விலை வாங்கினார்கள். விலை கூடினால் தரகருக்குக் கிடைக்கும் பங்கு சொற்பம், அதனால் சீக்கிரம் முடிப்பதில் அவருக்கு ஆதாயம். அதற்காக அவர் சொல்வதெல்லாம் தவறு என்றில்லை. ஆதாரம் கேளுங்கள்: அக்கம்பக்கத்தில் அண்மையில் உண்மையாகவே விற்று முடிந்த விலைகள். சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் விலைகள் கணக்கில் வராது, அவை விற்காத வீடுகளின் விலைகள்.

மிச்சமிருப்பது ரொக்க முதலீட்டாளர். நன்றாகவே குறைத்துத்தான் கேட்பார். கடன் தவணை தவறும் நிலையில் இருப்பவர், வேறு ஊருக்கு உடனே போக வேண்டியவர், பெரிய பழுதுள்ள வீட்டை வைத்திருப்பவர் ஆகியோருக்கு அந்த வேகம் கொடுக்கும் விலைக்குத் தகுந்ததே. மற்றவர்கள் நேராக அவரிடம் போகாமல், முதலில் விலையை ஒழுங்காக இறக்கிச் சந்தையில் சில வாரங்கள் விட்டுப் பார்க்கலாம். இரண்டு பேர் கேட்கிறார்கள், ஒருவர் கூடுதல் விலை சொல்கிறார், ஆனால் அவருடைய பழைய வீடு விற்க வேண்டும், கடனும் கிடைக்க வேண்டும். இன்னொருவர் மூன்று சதவீதம் குறைவாகச் சொல்லிக் கடன் ஒப்புதலோடு வருகிறார் என்றால், மந்தமான சந்தையில் இரண்டாமவருக்கே கொடுப்பேன்.