கழுவிக் கொடுத்த கம்பளம்: ஐந்தாறு வருஷம் மிதித்த பிறகு

பழைய பாரசீகக் கம்பளத்தைக் கழுவக் கொடுக்கலாமா, யாரிடம் கொடுப்பது, எவ்வளவு கேட்பார்கள் என்று லண்டன் நண்பர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. கழுவி வந்த வாரத்திலேயே எழுதும் விமர்சனங்களில் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். வந்த அன்று எந்தக் கம்பளமும் பளிச்சென்றுதான் இருக்கும். தையல் பிரிகிறதா, சாயம் நிற்கிறதா, குஞ்சம் உதிர்கிறதா என்பதெல்லாம் ஐந்தாறு வருஷம் மிதிபட்ட பிறகுதான் தெரியும். எங்கள் கம்பளம் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

எங்களுடையது ஹெரிஸ். ஈரானின் வடமேற்கே, தப்ரீஸுக்குக் கிழக்கில் உள்ள ஊர் அது. நடுவில் கோணம் கோணமாக ஒரு பெரிய பதக்கம், செங்கல் சிவப்பு, கருநீலம், தந்த நிறம் என்று பார்த்த உடனேயே சொல்லிவிடலாம். நீளவாட்டு நூலான பாவும் குறுக்கு நூலான ஊடையும் பருத்தி, முடிச்சுகள் கம்பளி. எட்டுக்குப் பதினொன்று அடி இருக்கும். 1920களில் நெய்தது என்று ஏலக்கடைச் சீட்டில் போட்டிருந்தார்கள். காஷான், இஸ்ஃபஹான் கம்பளங்களின் நுணுக்கம் இதில் கிடையாது. ஆனால் உழைக்கும். வாங்கும்போது ஒரு மூலையை அந்துப்பூச்சி தின்றிருந்தது, ஒரு பக்கக் கரை பிரிந்திருந்தது, முழுக்க நாய் வாடை. அதனால்தான் எங்கள் பட்ஜெட்டுக்குள் வந்தது.

வீட்டுக்கே இயந்திரத்தோடு வந்து, சுவருக்குச் சுவர் ஒட்டிய கார்பெட்டைக் கழுவிக் கொடுப்பவர்களிடம் இதைக் கொடுக்கவில்லை. அந்த இயந்திரம் சுடுநீரை அடித்து உறிஞ்சும். நைலான் கார்பெட்டுக்கு அது சரி. முடிச்சுக் கம்பளத்தில் அடிவேரில் இறுகிக் கிடக்கும் மணலை அது அசைக்காது. அதோடு காரம் கூடிய சோப்பு கம்பளிக்கு ஆகாது, பழைய சிவப்புகள் சூட்டில் கசியும், அடியில் இருக்கும் பருத்தி ஈரத்தோடே தங்கிவிடும்.

இதற்கு வீட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. நடைவழியில் போட்டிருக்கும், ஈரானின் ஹமதானில் நெய்த ஒடுங்கிய நீளக் கம்பளத்தை அப்படிப்பட்ட ஒரு நிறுவனம் வந்து கழுவியது. கேட்காமலேயே, இலவசம் என்று சொல்லி, குஞ்சத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டு வெள்ளையாக்கிக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பார்க்க நன்றாகவே இருந்தது. மூன்றாவது வருஷம் வாக்குவம் பட்டதுமே இழை இழையாக ஒடிந்து வர ஆரம்பித்தது. குஞ்சம் என்பது அலங்காரத்துக்குப் பின்னால் தைத்தது அல்ல. கம்பளம் முழுக்க ஓடும் பாவு நூலின் நுனியே அது. அது போனால் அடுத்து முடிச்சு வரிசைகள் அவிழும். பழுப்பேறிய குஞ்சத்தை வெளுத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஹெரிஸை வடமேற்கு லண்டனில் ஓர் ஈரானியக் குடும்பம் நடத்தும் பட்டறைக்கு எடுத்துப் போனோம். பெரியவர் கம்பளத்தின் முகத்தைப் பார்க்கவே இல்லை. முதலில் புரட்டிப் போட்டு முதுகைப் பார்த்தார், விரலால் தடவினார், ஓர் ஓரத்தை மடக்கிக் காதருகே வைத்து லேசாக வளைத்தார். பருத்தி மக்கியிருந்தால் நெரியும் சத்தம் வருமாம். அப்படிப்பட்ட கம்பளத்தைத் தண்ணீரில் போட்டால் கிழிந்தே வரும் என்றார். நல்ல வேளை, எங்களுடையதில் சத்தம் இல்லை. அளவை மட்டும் கேட்டுக்கொண்டு போனிலேயே விலை சொன்ன இன்னொரு கடையும் இருந்தது. இதைப் பார்த்த பிறகு அங்கே போகத் தோன்றவில்லை.

நான் நேரில் பார்த்ததில் மறக்கவே முடியாதது, தண்ணீர் படுவதற்கு முந்தைய வேலை. கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் அதிரும் கருவியை ஓட்டினார்கள். பிறகு தூக்கிப் பார்த்தால் தரையில் மைதா மாதிரி சாம்பல் நிறத்தில் பொடி. கூட்டி அள்ளி, திரும்ப ஓட்டினார்கள், மறுபடியும் அவ்வளவு. நாங்கள் வாராவாரம் வாக்குவம் போட்ட கம்பளம் அது! அந்தப் பொடியில் இருக்கும் மணல்தான் நடக்க நடக்க முடிச்சின் அடியை அறுக்கிறது. ஈரப்படுத்தினால் அது சேறாகி உள்ளேயே தங்கும். தூசி எடுப்பதற்கே பாதி நாள் செலவழிக்கிற இடம் என்றால் மற்றதையும் ஒழுங்காகச் செய்வார்கள் என்று நம்பலாம்.

அப்புறம் சாயச் சோதனை. வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் சற்று நேரம் அழுத்தி வைத்தார்கள். மஞ்சிட்டி வேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் அசையவில்லை. ஆனால் கரையருகே உள்ளங்கை அகலத்தில் ஓரிடத்தில் துணி ரோஜா நிறமானது. எப்போதோ யாரோ ரசாயனச் சாயம் போட்ட கம்பளியால் பழுது பார்த்திருக்கிறார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அப்படியே தொட்டியில் இறக்கியிருந்தால் பக்கத்தில் இருந்த தந்த நிறத்தில் எல்லாம் சிவப்பு ஏறியிருக்கும். அந்த முடிச்சுகளை ஊசியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிய பிறகே கழுவினார்கள்.

கழுவியது குளிர்ந்த நீரில், காரமில்லாத சோப்பில், கம்பளி சாயும் திசையிலேயே தேய்த்து. தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, கடைசி அலசலில் வினிகர் மாதிரி ஒரு மென் அமிலம் சேர்த்தார்கள். கம்பளியின் இயல்பு சற்றே அமிலப் பக்கம், சாயமும் அதில்தான் நிற்கும். பிறகு சுழலும் நீளக் குழாயில் போட்டு நீரைப் பிழிந்து, விசிறி வைத்துக் காயவைத்தார்கள். ஈரக் கம்பளியின் ஆட்டு வாடை பட்டறை முழுக்க அடித்தது.

பெரியவர் தெஹ்ரானுக்குத் தெற்கே ரே நகரில் இருக்கும் சஷ்மே அலி ஊற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வேலை செய்தார். ஒரு காலத்தில் கம்பளங்களை அங்கே கொண்டுபோய்க் கழுவி, பக்கத்துப் பாறைகளில் விரித்துக் காயவைப்பார்கள். அந்தத் தண்ணீருக்கு நிறத்தைத் தூக்கிக் காட்டும் குணம் உண்டு என்று நம்பிக்கை. காஷானுக்குப் பக்கத்தில் மஷ்ஹதே அர்தஹாலில் கம்பளம் கழுவுவது ஒரு மதச் சடங்காகவே நடக்கிறது. 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் அதையும் சேர்த்தார்கள். கழுவுவதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளும் ஊர்க்காரர்கள் என்பதால் எனக்குத் தைரியமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழுது பார்ப்பதில் இரண்டு வழி சொன்னார். இன்னொரு கிழிந்த ஹெரிஸிலிருந்து துண்டை வெட்டி மூலையில் பொருத்தலாம், அல்லது புதிதாக முடிச்சுப் போடலாம். முதலாவது விலை குறைவு, நிறமும் பழையது. எனக்கு அதில் மனமில்லை. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் அர்தபில் கம்பளம் நினைவுக்கு வந்தது. அதில் ஹிஜ்ரி 946, அதாவது 1539-40 என்று நெய்தே போட்டிருக்கும். இணையாக நெய்த இரண்டில் ஒன்று அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியாபாரிகள் ஒன்றிலிருந்து வெட்டி மற்றதைச் சரிசெய்தார்கள். சரியானதை 1893இல் அருங்காட்சியகம் 2000 பவுண்டுக்கு வாங்கியது. கரையை இழந்து சுருங்கிப்போன மற்றது இப்போது லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் மூலைக்காக இன்னொன்றை வெட்டுவது அந்த அளவுக்குப் பெரிய விஷயமில்லைதான். இருந்தாலும் முடிச்சே போடச் சொன்னோம்.

முடிச்சில்லாமல் தட்டையாக நெய்த பழைய கிலிம் விரிப்புகளைப் பிரித்து எடுத்த நூலை அவர் பை பையாக வைத்திருந்தார். சிவப்பும் நீலமும் அதிலிருந்தே கிடைத்தன. பச்சைக்கு மட்டும் பழைய நூல் போதவில்லை, புதிதாகச் சாயம் போட்டார். கோடுகளாக ஓடும் கரும்பழுப்பு, மற்ற நிறங்களைவிடப் பள்ளமாக இருந்ததைக் காட்டி அதையும் நிரப்புவீர்களா என்று கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார். இரும்புச் சத்துள்ள சாயம் கம்பளியைக் காலப்போக்கில் அரித்துவிடும். பழைய கம்பளங்களில் கருமை தாழ்ந்தே இருக்கும், அதை நிரப்பினால் வயதை அழித்தது போல ஆகும் என்றார். செய்யாத வேலைக்குக் காரணம் சொன்ன கடைக்காரரை அன்றுதான் பார்த்தேன்.

கழுவ மட்டும் முந்நூற்றைம்பது பவுண்டுக்குப் பக்கம் ஆயிற்று. பழுது பார்க்க அதைப்போல மூன்று மடங்கு. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "ஏன்டா, இந்தக் காசுக்கு வீடு முழுக்கப் பவானி ஜமக்காளம் விரிச்சிருக்கலாமே" என்றார். கணக்கு சரிதான்.

இனி இன்றைய நிலவரம். பிரிந்திருந்த கரையைச் சுற்றித் தைத்த தையல் அப்படியே இருக்கிறது, ஒரு சுற்றுகூடத் தளரவில்லை. கொடுத்த காசில் மிகவும் பிரயோஜனப்பட்டது அதுதான். நாய் வாடை மழைக்காலத்தில்கூடத் திரும்பவில்லை. கம்பளி உலர்ந்துபோகாமல் கையில் வழவழப்பாக இருக்கிறது. சோப்பு அழுத்தமாகப் போட்டுக் கழுவியிருந்தால் கம்பளியின் இயற்கை எண்ணெய் போய்ச் சொரசொரத்திருக்கும்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்கு இரண்டு மாதம் தாமதமாகக் கொடுத்தார்கள், நாமாகப் போன் பண்ணினால்தான் பதில். பழைய நூல் போட்ட சிவப்பும் நீலமும் எங்கே இருக்கின்றன என்று இன்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. பச்சை மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டது. கொடுத்த அன்று அச்சாக ஒத்திருந்தது. ஜன்னல் வெயில் பட்டுப் பட்டு இப்போது லேசாக மஞ்சளடிக்கிறது. விரலால் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும்: பழைய பச்சையில் அடி கருத்தும் நுனி வெளுத்தும் இருக்கிறது, நூறு வருஷத்தில் வெளுக்க வேண்டியது வெளுத்து நின்றுவிட்டது. புதியது இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. பழுது பார்க்கக் கொடுப்பவர்கள் எந்தெந்த நிறத்துக்குப் பழைய நூல், எதற்குப் புதியது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அந்துப்பூச்சி தனிக் கதை. லண்டனில் இது பல வீடுகளில் இருக்கும் தொல்லை. பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை, அதன் புழுதான் தின்னும், அதுவும் சோபாவுக்கு அடியில், இருட்டில், யாரும் அசைக்காத இடத்தில். கழுவினால் முட்டையும் புழுவும் போகும், ஆனால் மறுபடி வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பெர்மெத்ரின் மருந்து அடித்துத் தரட்டுமா என்று பட்டறையில் கேட்டார்கள். வீட்டில் பூனை இருப்பதால் மறுத்தோம், அந்த மருந்து பூனைக்கு விஷம். ஒரு குளிர்காலத்தில் சோபா காலருகே மறுபடி மணல் போன்ற எச்சத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வாக்குவம் போட்டு, சோபாவை நகர்த்தி, மாதாமாதம் ஓரத்தைப் புரட்டிப் பார்ப்பதோடு சரியாயிற்று. வாக்குவத்தின் சுழலும் பிரஷை மட்டும் நிறுத்திவிட வேண்டும், அது கம்பளியைப் பிய்க்கும். வருஷத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுகிறோம், ஜன்னல் வெயில் ஒரே பக்கம் விழாமலிருக்க.

எல்லாக் கம்பளத்துக்கும் இந்தச் செலவு தகுமா என்றால், தகாது. பின்பக்கம் துணி ஒட்டியிருந்தால் அது முடிச்சுப் போட்டது அல்ல, துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்திப் பசை பூசியது. பசை பொடியத் தொடங்கினால் கழுவியும் பயனில்லை. பட்டு என்று சொல்லி விற்கும் விஸ்கோஸ் என்ற செயற்கை இழைக் கம்பளம் ஈரம் பட்டால் வலுவிழக்கும், மஞ்சளிக்கும். நண்பர் ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுபோனபோது, பெரியவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் திருப்பி அனுப்பினார்.

எங்கள் ஹெரிஸ் வரும் கோடையில் மறுபடி போகிறது, இந்த முறை தூசி எடுக்கவும் குஞ்சத்தின் ஓரத் தையலை இறுக்கவும் மட்டும். நாற்காலி உரசும் இடத்தில் அந்தத் தையல் இரண்டு விரல்கடை அறுந்திருக்கிறது. பச்சையை மாற்றித் தரட்டுமா என்று பெரியவரின் மகன் கேட்டார். பழைய நூல் கிடைத்தால் சொல்லுங்கள், கிடைக்காவிட்டால் அப்படியே இருக்கட்டும் என்றேன்.