விலையுயர்ந்த புதிய கைப்பேசிக்கு மாறலாமா? பழையதையும் புதியதையும் சேர்த்துப் பயன்படுத்திய அனுபவம்

விலையுயர்ந்த திறன்பேசி ஒன்று வெளிவந்த முதல் வாரத்தில் எழுதப்படும் மதிப்புரைகளில் பொய் ஒன்றும் இருப்பதில்லை. புதிய கைப்பேசி நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அவை நேர்மையாகவே பதில் சொல்கின்றன. அந்த விலைக்கு விற்கப்படும் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். கையில் இருக்கும் பழையதை ஓரம் வைத்துவிட்டு அதற்கு மாறுவது செலவுக்குத் தகுந்த பலனைத் தருமா என்பதுதான் வாங்குபவரின் கேள்வி, அதற்கு ஒரு வாரப் பயன்பாடு போதாது. நான் சுமார் நான்கு ஆண்டுகள் பயன்படுத்திய நடுத்தர விலைக் கைப்பேசியை யாருக்கும் கொடுத்துவிடாமல், அதன் பேட்டரியை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டு, ஒரு நிறுவனத்தின் உச்ச விலை மாடலை ஓராண்டுக்கும் மேலாக முதன்மைக் கைப்பேசியாகப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை அந்தந்த விலைப் பிரிவில் விற்கும் எல்லா மாடல்களுக்கும் பொருந்தக்கூடியவை.

போனை மாற்ற நினைப்பவர்கள் முதலில் சொல்லும் காரணம், பழையது மெதுவாகிவிட்டது என்பதே. என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. கேமராவைத் திறந்தால் சில நொடிகள் கருப்புத் திரைதான் தெரியும். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால் திணறும். இருபது சதவீதம் சார்ஜ் இருப்பதாகக் காட்டிக்கொண்டே திடீரென்று அணைந்துபோகும். இந்த அறிகுறிகளைப் பார்த்தவுடன் கைப்பேசியின் மூளையான செயலிக்கு (பிராசஸருக்கு) வயதாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் வயதானது பேட்டரிக்கு. லித்தியம் அயனி பேட்டரி பழசாகும்போது அதன் கொள்ளளவு குறைவதோடு உள்மின்தடையும் கூடுகிறது. திரை, கேமரா, செயலி மூன்றும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து, கைப்பேசி அணைந்துவிடுகிறது, அல்லது அணையாமல் இருப்பதற்காகச் செயலியின் வேகத்தை மென்பொருளே கட்டுப்படுத்துகிறது. பழைய ஐபோன்களில் இவ்வாறு வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு, 2018இல் வந்த ஐஓஎஸ் 11.3 பதிப்பில்தான் பேட்டரியின் நிலையைப் பயனரே அமைப்புகளில் பார்த்துக்கொள்ளும் வசதி கிடைத்தது.

பேட்டரி எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு நிறுவனங்களே ஒரு கணக்குச் சொல்கின்றன. பேட்டரியின் முழுக் கொள்ளளவும் ஒருமுறை செலவாவது ஒரு முழுச் சுழற்சி. ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முழுச் சுழற்சிகளுக்குப் பிறகும், 15 வரிசையில் 1000 சுழற்சிகளுக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 80 சதவீதம் எஞ்சும் வகையில் பேட்டரி வடிவமைக்கப்பட்டுள்ளதாக ஆப்பிள் கூறுகிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்திருக்கும் விதி, அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் கைப்பேசிகள் பொதுவாக 800 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவீதத்தைத் தக்கவைக்க வேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு ஒரு முழுச் சார்ஜைத் தீர்ப்பவருக்கு 500 சுழற்சி என்பது ஒன்றரை ஆண்டுக்குச் சற்றே குறைவு. இரண்டாம் ஆண்டின் இறுதியில் எல்லோருக்கும் புதுப் போன் ஆசை வருவதில் விளம்பரத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு இந்த வேதியியலுக்கும் உண்டு என்பது என் எண்ணம்.

நிறுவனத்தின் சேவை மையத்தில் பேட்டரியை மாற்றிய பிறகு, பழைய கைப்பேசி தானாக அணைவது அடியோடு நின்றுவிட்டது, கேமரா தாமதமின்றித் திறந்தது. ஸ்டோரேஜில் குவிந்து கிடந்த காணொளிகளை வெளியே மாற்றி, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக வைத்ததும் எஞ்சியிருந்த திணறலும் குறைந்தது. ஸ்டோரேஜாக இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் நிரம்பும் தறுவாயில் எழுதும் வேகத்தை இழப்பது அதன் இயல்பு. ஒரு எச்சரிக்கை: பின்புறக் கண்ணாடியைத் திறந்து மூடிய கைப்பேசியின் நீர்த்தடுப்பு, ஒட்டுப்பசையைப் புதிதாக இட்டு ஒழுங்காக அழுத்தி மூடினால்தான் ஓரளவு மிஞ்சும். அதைச் செய்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆக, புதியது எவ்வளவு மேம்பட்டது என்று பார்ப்பதற்கு முன்னால், பழையதில் சரிசெய்யவே முடியாதது எது என்று பார்க்க வேண்டும் என்பதே இந்த ஓராண்டு எனக்குத் தந்த அளவுகோல். பேட்டரி, உடைந்த திரை, தேய்ந்த சார்ஜிங் துளை எல்லாம் செலவு செய்தால் சரியாகிவிடும். மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோவது, மதர்போர்டில் பற்றவைக்கப்பட்ட ஸ்டோரேஜ் போதாமல் போவது, கேமராவின் சென்சார், லென்ஸ் ஆகியவற்றின் தரம் ஆகிய மூன்றையும் எந்தச் சேவை மையமும் மேம்படுத்தித் தராது.

இவற்றுள் முதலாவதே மிகவும் கனமானது. வங்கிக் கணக்கு, அடையாளச் சரிபார்ப்பு, கடவுச்சொற்கள் எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்ட நிலையில், புதுப்பிப்பு நின்றுபோன சாதனத்தை முதன்மைக் கைப்பேசியாக வைத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அது எவ்வளவு வேகமாக ஓடினாலும். நான் மாறியதற்கும் கடைசியில் அதுவே காரணம்: பழையதன் பாதுகாப்புப் புதுப்பிப்புக் காலம் முடிவை நெருங்கியிருந்தது. கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8 வரிசைக்கும், சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்புகளை அறிவித்ததிலிருந்து இந்தக் கணக்கு பெரிதும் மாறிவிட்டது. ஆனால் இந்த ஏழு ஆண்டுகள் மாடல் வெளிவந்த நாளிலிருந்து எண்ணப்படுபவை. இரண்டு ஆண்டு கழித்துத் தள்ளுபடியில் வாங்குபவருக்கு ஐந்தே மிஞ்சும். விலைக் குறைப்பைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு.

இனி புதிய கைப்பேசிக்கு வருகிறேன். அதை விலை கொடுத்து வாங்க வைப்பது முக்கியமாகக் கேமராதான், ஓராண்டுக்குப் பிறகும் எனக்கு அலுக்காதது தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் அதன் டெலிஃபோட்டோ லென்ஸ் ஒன்றுதான். பெரிஸ்கோப் வகை லென்ஸில் ஒளி ஒரு பட்டகத்தால் மடக்கப்பட்டுக் கைப்பேசியின் உடலுக்குள் பக்கவாட்டில் பயணம் செய்வதால், மெல்லிய சாதனத்துக்குள் ஐந்து மடங்கு ஒளியியல் ஜூமைக் கொண்டுவர முடிகிறது. அரங்கின் கடைசி வரிசையிலிருந்து மேடையில் பேசுபவரைப் பழைய போனில் எடுத்தால் முகம் எண்ணெயில் தீட்டியதுபோல் கரைந்திருக்கும். புதியதில் அவருடைய கண்ணாடியின் சட்டமும், ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் விரல்களும் தெளிவாக விழுகின்றன. குழந்தைகளின் நிகழ்ச்சிகளுக்குப் போகிறவர்களுக்கும், பறவை பார்ப்பவர்களுக்கும் இந்த ஒரு வேறுபாடே போதுமான காரணமாக இருக்கலாம்.

முதன்மைக் கேமராவைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியவில்லை. 200 மெகாபிக்சல் என்று அட்டைப்பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் சென்சார், வழக்கமான பயன்பாட்டில் பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து ஏறத்தாழ 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் குறுஞ்செய்தி செயலியில் அனுப்பினால், அது சுருக்கித் தரும் படத்தில் எது பழைய போன், எது புதிய போன் என்று என்னாலேயே சொல்ல முடிவதில்லை. மங்கிய வெளிச்சத்தில் வேறுபாடு நன்றாகவே தெரிகிறது, ஆனாலும் ஓடியாடும் குழந்தை இரவு விளக்கொளியில் இதிலும் கலங்கலாகத்தான் விழுகிறது. சென்சார் பெரிதானதால் ஒரு வேண்டாத விளைவும் உண்டு, இதை விளம்பரங்களில் பார்க்க முடியாது. மாத்திரை அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் காலாவதித் தேதியைப் படம்பிடிக்கப் பழைய போனை அருகே கொண்டுபோனால் போதும். புதியதில் அதே தூரத்தில் குவியம் கிடைக்காது. சட்டென்று அகலக்கோண லென்ஸுக்குத் தாவும், அல்லது நடுவில் தெளிவும் ஓரங்களில் மங்கலுமாக ஒரு படம் கிடைக்கும். பெரிய சென்சாருக்குக் குவிய ஆழம், அதாவது ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம், குறைவு; பொருளை எவ்வளவு அருகில் தெளிவாகப் பிடிக்கலாம் என்ற கிட்டக்குவியத் தூரம் அதிகம். சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் செய்து எடுப்பதே இதற்கு வழி. ஆவணங்களை அடிக்கடி படம்பிடித்து அனுப்பும் வேலையில் இருப்பவர்கள் கடையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

திரையைப் பொறுத்தவரை, வெயிலில் படிக்க முடிவது உண்மையான முன்னேற்றம். திரை நொடிக்கு 120 முறை படத்தை மாற்றிக் காட்டும் 120 ஹெர்ட்ஸ் வேகம் விசித்திரமான ஒன்று: 60 ஹெர்ட்ஸிலிருந்து அதற்குப் போகும்போது சில நாள்களில் அது கண்ணில் படுவதே நின்றுவிடுகிறது, பழைய 60 ஹெர்ட்ஸ் திரைக்குத் திரும்பினால் உருட்டும் எழுத்து துள்ளுவதுபோல் உறுத்துகிறது, அந்த உறுத்தலும் இரண்டொரு நாளில் போய்விடுகிறது. மேலும், நடுத்தர விலைக் கைப்பேசிகள் பலவற்றிலும் இன்று அது கிடைக்கிறது. செயலியின் வேகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கனமான விளையாட்டுகளையும் நீண்ட காணொளித் தொகுப்பையும் விட்டுவிட்டால், அன்றாட வேலையில் அந்த வேகத்தை உணரும் தருணங்கள் அரிது.

எதிர்காலத்துக்கும் உதவும் என்று சொல்லி உச்ச விலை மாடலை வாங்கச் சொல்வார்கள். செயற்கை நுண்ணறிவு வசதிகள் வந்தபின் இந்த வாதம் இன்னும் பலமாக ஒலிக்கிறது, ஆனால் அதை முழுமையாக நம்ப என்னால் முடியவில்லை. 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15, அடுத்த ஆண்டே அறிமுகமான ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்னும் செயற்கை நுண்ணறிவு வசதிகளைப் பெறவில்லை. அதனோடு வந்த 15 ப்ரோ பெற்றது. விலை கூடிய மாடலுக்கு இது சாதகமான சான்றுதானே என்று கேட்கலாம். இருக்கலாம், ஆனால் வாங்கிய நாளில் இப்படியொரு கோடு எங்கே போடப்படும் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, அடுத்த கோடு எங்கே விழும் என்பதும் அப்படித்தான். என் கைப்பேசியில் உள்ள அவ்வகை வசதிகளில், குரல்பதிவை எழுத்தாக்குவதைத் தவிர வேறெதையும் நான் முதல் மாதத்துக்குப் பிறகு தேடிப் போகவில்லை.

புதியதில் எனக்கு மோசமாகிப்போனவையும் உண்டு. பழையதைவிட ஏறத்தாழ ஐம்பது கிராம் கூடுதல் எடை. படுத்துக்கொண்டு படிக்கும்போது அடியில் தாங்கும் சுண்டுவிரலுக்கு அது தெரிகிறது. கேமரா மேடு துருத்திக்கொண்டிருப்பதால் மேசைமேல் வைத்துத் தட்டச்சு செய்தால் ஆடுகிறது. டைட்டானியம் சட்டம் என்று பெருமையாக வாங்கியதை முதல் நாளே உறைக்குள் போட்டாயிற்று, ஏனெனில் திரை உடைந்தால் அதை மாற்றும் செலவில் சாதாரணக் கைப்பேசி ஒன்றையே வாங்கிவிடலாம். இடமாற்றத்தின் தொல்லையும் சிறியதல்ல: படங்களும் தொடர்புகளும் ஒரு மாலைக்குள் வந்துவிட்டன, வங்கிச் செயலிகளையும் இருகட்டச் சரிபார்ப்புக் குறியீடுகளையும் ஒவ்வொன்றாக மீண்டும் பதிவுசெய்ய ஒரு வாரம் இழுத்தது. அந்த வாரம் முழுவதும் பழைய போனை அழிக்காமல் வைத்திருந்தது வசதியாகப் போயிற்று.

செலவை ஆண்டுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பது நல்ல முறை, ஆனால் அது எப்போதும் விலை கூடியதற்கே சாதகமாக முடியும் என்று நினைக்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் உச்ச விலை மாடலுக்கு மட்டுமே நீண்ட புதுப்பிப்புக் காலம் என்ற நிலை இருந்தது. 2024 மே மாதம் வந்த, விலை குறைந்த பிக்சல் 8ஏ மாடலுக்கும் கூகுள் அதே ஏழு ஆண்டுகளைத் தந்துவிட்டது. ஆகவே பாதுகாப்பு, பேட்டரி, ஸ்டோரேஜ் ஆகிய மூன்றுக்காக மட்டும் மாறுகிறவருக்கு இன்று உச்ச விலை தேவையில்லை. டெலிஃபோட்டோ லென்ஸ், வெயிலில் தெளியும் திரை, மங்கிய வெளிச்சத்துக் காணொளி ஆகியவற்றை வாரந்தோறும் பயன்படுத்துவேன் என்று உறுதியாகத் தெரிந்தவர் அந்தக் கூடுதல் தொகையைத் தயங்காமல் கொடுக்கலாம். அவருக்கும்கூட முந்தைய ஆண்டின் உச்ச மாடல் பெரும்பாலும் போதும்.

அண்மையில் என் தங்கை இதே கேள்வியோடு வந்தபோது, அவளுடைய போனின் அமைப்புகளில் மூன்று இடங்களைத்தான் பார்த்தோம். பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி முந்தைய மாதத்தைக் காட்டியது, நிறுவனத்தின் பட்டியலின்படி இன்னும் இரண்டு ஆண்டுகள் மீதமிருந்தன. பேட்டரி எண்பது சதவீதத்துக்குக் கீழே போயிருந்தது. மொத்த ஸ்டோரேஜ் 64 ஜிபி, அதில் இரண்டு ஜிபிகூடக் காலியில்லை. மெமரி கார்டுக்கு இடமும் கிடையாது. பேட்டரி மட்டும் என்றால் மாற்றிக்கொள் என்று சொல்லியிருப்பேன். ஸ்டோரேஜுக்கு வழியில்லாததால், ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு உள்ள ஒரு நடுத்தர மாடலை 256 ஜிபியில் பார்த்துச் சொன்னேன். என் கைப்பேசியின் ஜூமைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் யோசித்தாள், பிறகு நடுத்தர மாடலையே வாங்கினாள்.