கழுத்து முளை முறிவு: முன்னால் ஸ்குரூவா, பின்னால் பூட்டா?

எங்கள் பக்கம் கழுத்து முறிந்தது என்றால் தென்னையிலிருந்து விழுந்த கதையாக இருக்கும், இல்லாவிட்டால் கல்முனை வீதியில் மோட்டார் சைக்கிள் சரிந்த கதை. இரண்டாம் கழுத்தெலும்பில் விரல் மாதிரி மேலே நிற்கும் முளை அடியில் முறிந்து, ஒப்பரேஷன் என்று முடிவானால் இரண்டு வழி உண்டு.

ஒன்று, தொண்டைப் பக்கம் கீறி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி முளைக்குள் கீழிருந்து ஸ்குரூ ஏற்றுவது. மற்றது, பிடரிப் பக்கமாக முதலாம், இரண்டாம் எலும்புகளைச் சேர்த்துப் பூட்டிவிடுவது.

தலை இடம் வலம் திரும்புவதில் ஏறக்குறையப் பாதி அந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. பூட்டினால் அது போச்சு. காத்தான்குடியில் தொழுது முடித்து இருபக்கமும் முகம் திருப்பி ஸலாம் கொடுப்பவர் தோளையும் கொஞ்சம் சேர்த்துத் திருப்ப வேண்டிவரும். ஸ்குரூவில் அந்தத் திருப்பம் மிஞ்சும்.

சரி, எல்லாருக்கும் ஸ்குரூவே போடலாமே? முடியாது. முளையைப் பிடித்துவைக்கும் குறுக்குத் தசைநார் அறுந்திருந்தால் ஸ்குரூ உதவாது, அதை எம்.ஆர்.ஐ.தான் தெளிவாகக் காட்டும். முறிவுக் கோடு முன்பக்கம் கீழ்நோக்கிச் சரிந்திருந்தாலும் ஸ்குரூ சரிவராது, அதைப் பார்க்க சி.டி. ஸ்கேன் வேண்டும். பின்வழி என்றால் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் முதுகெலும்புத் தமனி ஓடும் பாதையையும் சி.டி.யில் பார்த்துவிட வேண்டும். அங்கே பூட்டுவதற்குப் போடும் ஸ்குரூ தவறினால் ஆபத்து.

வயதானவர்களுக்கு எலும்பு பொலபொலவென்று இருக்கும், தொண்டைப் பக்கம் கீறினால் விழுங்கவும் சிரமப்படுவார்கள். என் அப்பப்பாவுக்கு என்றால் பின்வழியைத்தான் கேட்பேன்.