ராங்கேயா, மிஷ்லேயா? ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இருவர்

ஆவணத்தைப் புரட்டி எழுதினால் அறிவியல், உருகி எழுதினால் ரொமான்டிசிசம், அதாவது உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் முதலிடம் தந்த ஐரோப்பிய இயக்கம். வரலாற்று வகுப்புகளில் இப்படித்தான் பாகம் பிரித்துக் கொடுக்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் இருவரில் ஜெர்மனியின் லியோபோல்ட் ஃபான் ராங்கே (1795–1886) அறிவியல் பக்கம், பிரான்ஸின் ழூல் மிஷ்லே (1798–1874) மறுபக்கம். இந்தப் பாகப்பிரிவினையை என்னால் ஏற்க முடியவில்லை. இருவருமே ரொமான்டிசிசம் பெற்ற பிள்ளைகள்தான்.

பகுத்தறிவைப் போற்றிய பிரெஞ்சு எழுத்தாளர் வோல்ட்டேர் வாழ்ந்த பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர்கள் பலருக்கு இடைக்காலம் என்பது மூடநம்பிக்கை மண்டிய இருட்டு. ரொமான்டிக்குகள்தான் அந்தப் பார்வையைப் புரட்டிப் போட்டார்கள். ஒவ்வொரு காலத்துக்கும் அதற்கே உரிய உயிர் உண்டு, அதை அதன் உள்ளிருந்து பார்க்க வேண்டும் என்றார்கள். "ஒவ்வொரு யுகமும் கடவுளுக்கு நேரடியாக முன் நிற்கிறது" என்று 1854இல் பவேரிய மன்னருக்கு நடத்திய உரைகளில் ராங்கே சொன்னார். உணர்ச்சியற்றவர் என்று பெயரெடுத்தவர் வாயிலிருந்து வந்த அசல் ரொமான்டிக் வாக்கியம் இது.

அவர் ஆவணத்தின் பக்கம் போன கதையும் ஒரு நாவலில்தான் தொடங்குகிறது. வால்டர் ஸ்காட்டின் வரலாற்று நாவல்களை விரும்பிப் படித்தவர் அவர். 1823இல் வந்த 'குவென்டின் டர்வர்ட்' நாவலை, கதை நடக்கும் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே வாழ்ந்த கொமின் எழுதிய நினைவுக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயியும் பர்கண்டியின் கோமகன் சார்லஸும் நாவலில் வேறு ஆட்களாக இருந்தார்கள். மனம் புண்பட்டது. கூடவே, கற்பனையைவிட உண்மை அழகாக இருப்பதையும் கண்டுகொண்டார். 1824இல் வந்த முதல் நூலில், நடந்தது உண்மையில் எப்படி நடந்தது என்று காட்டுவது மட்டுமே தன் வேலை என்று எழுதினார். கடந்த காலத்தின் மேல் காதல் இல்லாதவருக்கு அந்தப் பிடிவாதம் வந்திருக்குமா?

மிஷ்லே பாரிஸ் அச்சுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. நெப்போலியன் அரசின் கெடுபிடியில் மூடப்பட்ட அச்சகம், வீட்டில் வறுமை. சிறுவயதில் பழைய நினைவுச்சின்னங்களின் அருங்காட்சியகத்துக்குப் போவார். பிரெஞ்சுப் புரட்சியின்போது தேவாலயங்களிலிருந்து அகற்றப்பட்ட கல்லறைச் சிற்பங்கள் அங்கே கிடந்தன. அரை இருட்டில் சலவைக்கல்லில் படுத்திருக்கும் அரசர்களும் அரசிகளும் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறார்களோ என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றும். வளர்ந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் வரலாற்றுப் பிரிவின் தலைவரானபோதும் அதே கண்தான். அந்தக் காகிதங்களின் தூசியை மூச்சில் இழுக்க இழுக்க, இறந்தவர்கள் எழுந்து வருவதைக் கண்டதாக எழுதுகிறார். அவருடைய கல்லறையிலும் "வரலாறு ஓர் உயிர்த்தெழுதல்" என்றே பொறித்திருக்கிறது.

யாருடைய வரலாற்றில் யாருக்கு இடம் என்று பார்த்தால் மிஷ்லேதான் என் ஆள். ராங்கேயின் பெரும் புதையல் வெனிஸ் தூதர்களின் அறிக்கைகள். அரண்மனையில் உலவிய தூதர் அரண்மனையைத்தானே எழுதுவார்? அதனால் ராங்கேயின் பக்கங்களில் மன்னர்களும் போப்புகளும் அமைச்சர்களும் நிறைந்திருக்க, உழுதவரும் நெய்தவரும் ஓரமாக நிற்கிறார்கள். மிஷ்லே எழுதிய பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றின் (1847–53) நாயகன் எந்தத் தலைவனும் இல்லை, மக்கள்தான். பின்னாளில் மூன்றாம் நெப்போலியன் என்ற பெயரில் பேரரசரான லூயி நெப்போலியனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து 1852இல் காப்பகப் பதவியை இழந்தவர் அவர். எழுதியதற்கு ஏற்ப வாழ்ந்தார்.

நம்பகத்தில் ராங்கேதான் மேல், வெகுதூரம் மேல். ஆவணத்தை யார், எப்போது, எதற்காக எழுதினார் என்று குடைந்து கேட்கும் பழக்கத்தைப் பெர்லினில் மாணவர்களைக் கூட்டி வைத்துப் பயிற்றுவித்தார். இன்றைய ஆய்வுக் கருத்தரங்கு முறைக்கு அது ஒரு முக்கிய வேர். மிஷ்லேயோ 1862இல் எழுதிய 'சூனியக்காரி' நூலில், ஒரே பெண் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது போலக் கதை கட்டினார். எரிக்கப்பட்ட பெண்களின் மேல் அவருக்கிருந்த இரக்கம் படிக்கும்போது நெஞ்சைப் பிடிக்கிறது. ஆனால் சூனியத்தை ஒடுக்கப்பட்டவர்களின் கலகமாக அவர் வரைந்த சித்திரம் இன்றைய ஆய்வின் முன் நிற்கவில்லை. இரக்கத்தின் வேகத்தில் சான்றைத் தாண்டிப் போய்விட்டார்.

சான்று விஷயத்தில் அவர் காட்டிய அலட்சியம் எவ்வளவு பெரிய இழப்பாக முடியும் என்பதற்கு அவருடைய புரட்சி வரலாறே சாட்சி. அதற்காகப் பாரிஸ் நகரமன்றத்தின் பதிவேடுகளை உட்கார்ந்து படித்தார். 1871இல், பாரிஸ் மக்களின் எழுச்சி அரசான பாரிஸ் கம்யூன் வீழ்ந்த நாட்களில் நகரமன்றக் கட்டடம் எரிந்தது, உள்ளிருந்த ஆவணங்களும் போயின. அவற்றில் பலவற்றைக் கண்ணால் பார்த்து எழுதியவராக இன்று நமக்கு மிஞ்சுபவர் மிஷ்லே. அடிக்குறிப்பு போடுவதில் அவர் கஞ்சன். அருமையான ஒரு காட்சியைப் படித்துவிட்டு, இது எந்தப் பதிவேட்டில் இருந்தது என்று பக்கத்தின் அடியில் தேடுகிறேன். பல இடங்களில் அங்கே ஒன்றும் இல்லை.