கிலோ ஃபாயில் ரோல் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் விற்ற அலுமினிய ஃபாயில் ரோல் இது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 1 கிலோ. பக்கவாட்டில் 72 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம், 11 மைக்ரான் தடிமன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). பிரித்து எடை போட்டால் ஃபாயில் மட்டும் 525 கிராம். மீதி எல்லாம் தடித்த அட்டைக் குழலும் பெட்டியும். கேட்டதற்குக் கடையில் வந்த பதில், "அட்டையோட சேர்த்துத்தாங்க கிலோ". இது அப்பட்டமான ஏமாற்று. நிகர எடை என்றால் குழலும் பெட்டியும் நீங்கலாகத்தான். பொட்டலப் பொருள் விதிகள் சொல்வது அதுதான்.

பெட்டியில் உள்ள கணக்கே பொய்யைக் காட்டிக்கொடுக்கிறது. அலுமினியம் ஒரு கன செ.மீ.க்கு 2.7 கிராம். அதன்படி 30 செ.மீ. அகல, 11 மைக்ரான் ஃபாயில் மீட்டருக்குச் சுமார் 8.9 கிராம், 72 மீட்டருக்கு 640 கிராம்தான் வரும். கிலோ வர வேண்டுமானால் 17 மைக்ரான் தடிமன் வேண்டும். ஆக, கிலோ, மைக்ரான் இரண்டில் ஒன்று பொய்.

இங்கே இரண்டுமே பொய். 5 மீட்டர் பிரித்து வெட்டி, மடித்து, சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 11 மைக்ரான் என்றால் 45 கிராம் நிற்கும். இந்த ரோல் 36தான் நின்றது, அதாவது 9 மைக்ரான். வெட்டும் முன் அகலத்தையும் ஸ்கேலால் அளந்துவிடுங்கள், 28 செ.மீ. ரோலை 30 என்று தள்ளிவிடுகிறார்கள், அப்போது எடைக் கணக்கும் மாறும்.

மெல்லிய தாளில் என்ன கெடுகிறது? மடிப்பில் கிழியும், ஊசித்துளை வழியே சால்னா கசியும். புளியும் உப்பும் எந்த ஃபாயிலையும் அரிக்கும். மெல்லியது சீக்கிரம் பொத்துப்போகும். அழகர்கோவிலுக்குப் புளியோதரை கட்டுகிறவர்கள் உள்ளே வாழையிலை வைத்துக் கட்டுங்கள்.

உதிரியாக விற்கும் "சில்வர் பேப்பர்" இன்னும் மோசம். பல நேரம் அது அலுமினியப் பூச்சு போட்ட பிளாஸ்டிக். கசக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஃபாயில் கசங்கியபடியே நிற்கும், பிளாஸ்டிக் விரிந்துகொள்ளும். சூடான பரோட்டாவை அதில் சுற்றவே கூடாது.

வெள்ளி விளக்கு, கொலுசு கருப்பை எடுக்கவும் அந்த சில்வர் பேப்பர் உதவாது. பாத்திரத்தில் நிஜ ஃபாயிலை விரித்து, 1 லிட்டர் கொதிநீரும் 1 மேசைக்கரண்டி சமையல் சோடாவும் விட்டு, வெள்ளிப் பொருள் அந்த ஃபாயிலைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி சில நிமிடம் வைக்க வேண்டும். கருப்பில் உள்ள கந்தகத்தை அலுமினியம் இழுத்துக்கொள்ளும். கல் பதித்த நகை, ஆன்டிக் நகை வேண்டாம்.

வாங்கும்போது நிகர எடை, நீளம், மைக்ரான் மூன்றும் அச்சிட்டிருக்கிறதா, உணவு ஃபாயிலுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 15392 உடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஏமாந்துவிட்டால் பில்லையும் பெட்டியையும் குழலையும் எறியாமல் வைத்து, தராசு காட்டும் எடையைப் படம் எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எடைக் குறைவுக்குத் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவு ஆய்வாளரிடமும் புகார் தரலாம்.